குருவிப்பாறைக் கல்வெட்டு

பாறைக்குளம்,
12.8.2024

அத்தைக்கு,

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பதினோரு வருடமாக எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது இரண்டு பக்கம் வந்தால் கோபம்தான் வரும். நான் உங்கள் தம்பி நாகராசுவின் மகள் செல்வராணி.

போனில் பேசியிருக்கலாம். போனைக் காதில் வைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதோடு எங்கள் வீட்டில் ஒரே அறை. அப்பா காதில் விழாமல் பேச இடமில்லை. உங்கள் விலாசத்தை எதிர்வீட்டு வைஷ்ணவி அக்கா கொடுத்தார். ஒட்டன்சத்திரம் பக்கம் மாணவியர் விடுதியில் சமைக்கிறீர்கள் என்றும், குண்டான் தூக்கித் தோள்பட்டை வலிக்கிறது என்றும் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறது?

நான் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டேன். நம் வகையறாவில் காலேஜ் போன முதல் ஆள் நான்தான். பேரூராட்சியில் ஆறு மாத வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. குருவிப்பாறைப் பூங்காவைப் புதுப்பிக்கிறார்கள். தை மாதத்தில் திறப்பு. வாசலில் ஒரு கருங்கல் நட்டு, அதில் பூங்காவின் வரலாற்றைச் செதுக்கப்போகிறார்கள். அந்தப் பன்னிரண்டு வரியை எழுதுவது என் வேலை.

இதுவரை சேர்த்தது: ரயில் பாதைக்குக் கல் உடைத்த மலை. கிழக்குப் பக்கம் உடைத்த குழியில்தான் இன்று தண்ணீர் நிற்கிறது. வெடி வைக்கத் துளைத்த துளைகள் பாறையெங்கும் இருக்கின்றன, பிள்ளைகள் அதில் கோலி விளையாடுகிறார்கள். 2009இல் பூங்கா ஆனது. படி நூற்றுப்பன்னிரண்டு. உச்சியில் வேல் நட்ட கல், அதற்குப் பக்கத்தில் இரும்புக் கோபுரம். ஏறி நின்றால் நார்த்தாமலைக் குன்றுகள் வரை தெரியும்.

முதல் வாட்ச்மேன் பிச்சை மாமா. எனக்குக் கொடுத்த தாளில் அவர் பெயர் இல்லை. அவர் காலத்தைப் பற்றிச் சொல்ல உங்களைத் தவிர யாரும் இல்லை.

பதில் போடாவிட்டாலும் நான் தவறாக நினைக்க மாட்டேன். தோளுக்குத் தைலம் தேயுங்கள்.

செல்வராணி


ஒட்டன்சத்திரம்,
25.8.2024

நாகராசு மகளுக்கு,

ராசாத்தி சொல்லச் சொல்ல ஷர்லி எழுதுறது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், எழுத வராது. ஷர்லி எங்கூட சமையக்கட்டுல நிக்கிற பொண்ணு, ப்ளஸ் டூ படிச்சவ.

நல்லாத்தான் இருக்கேன். உங்க வீட்டு ஆளுக மொகத்துல முழிக்காததால நல்லா இருக்கேன்.

வரலாறு வேணுமா ஒனக்கு? எழுதிக்க. பதினாறாம் நாள் கருமாதி. புருசன் செத்தவளுக்குப் பொறந்த வீட்டுக் கோடி போடணும்னு ஒங்கப்பன் சேலையோட வந்தான். விரிச்சுத் தோள்ல போடுறான், ஓரத்துல ஊதா மை. என்னடான்னு பார்த்தா அவன் பெருவிரல். ‘எங்க மச்சான் குடிச்சிருந்தாரு, தவறிக் கல்லுக்குழியில விழுந்துட்டாரு’ன்னு எழுதுன காகிதத்துல அன்னைக்குக் காலையிலதான் கைநாட்டு வச்சுட்டு வந்திருக்கான். மை காயறதுக்குள்ள அக்காளுக்குக் கோடி! மறுமாசம் எம்புருசன் போட்ட காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு, அதே கேட்டுல அவன் வாட்ச்மேன்.

அந்தச் சேலைய பார்க் கேட்டுல முடிஞ்சு போட்டுட்டு பஸ் ஏறினவ நான். இனிமே எனக்கு எழுதாத.

ராசாத்தி

(அக்கா, உறைக்குப் பசை தடவும்போது, ‘கேட்டுப் பக்கத்துல புளியமரம் இருக்கான்னு கேளு’ன்னாங்க. கேட்டுட்டேன். – ஷர்லி)


பாறைக்குளம்,
10.9.2024

அன்புள்ள அத்தைக்கு,

புளியமரம் இருக்கிறது. அதைச் சுற்றி சிமெண்டில் வட்டமாகத் திண்டு கட்டியிருக்கிறார்கள். இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது. எழுதாதே என்றீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கோடிச் சேலை கேட்டில் தொங்கியது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு நாள் யாரும் அவிழ்க்கவில்லை.

அன்று பூங்கா வேலையை எடுத்திருந்த ஒப்பந்ததாரர் கோபிநாத் இப்போது பேரூராட்சித் துணைத் தலைவர். தினமும் காலையில் வெள்ளைக் கேன்வாஸ் போட்டுக்கொண்டு படியேற வருகிறார். அவர் கொடுத்த தாளில், ‘கோபிநாத் அவர்களின் தன்னலமற்ற உழைப்பால் உருவான பூங்கா’ என்று இருக்கிறது. பிச்சை மாமா பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். கேட்பதற்கே எனக்கு மூன்று நாள் ஆனது.

“எதுக்கும்மா? அந்தக் குடிகாரன் கதைய எழுதி பார்க் பேரக் கெடுக்கவா?” என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா அங்கேதான் குப்பை கூட்டிக்கொண்டு நின்றார். அவரும் சிரித்தார், அத்தை. அதை நான் மறக்கப்போவதில்லை.

இன்னொன்று. கல்லுக்குழி ஓரமாகப் போகும் கைப்பிடிக் கம்பியை அப்பா இன்றுவரை தொட்டதில்லை. மழையில் படி வழுக்கினாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். கம்பியில் இப்போது ஒயர் எதுவும் இல்லை. தொடமாட்டார்.

தோள் வலி குறைந்ததா? ஷர்லி அக்காவுக்கு என் வணக்கம்.

செல்வராணி


ஒட்டன்சத்திரம்,
22.9.2024

ராணிக்கு,

தோள் வலிக்கு ஷர்லி ஏதோ ஸ்ப்ரே வாங்கியாந்தா. அடிச்சா சில்லுன்னு இருக்கு, வலி அங்கிட்டே இருக்கு. ஒனக்குச் சளி கிளி இல்லையே?

சிரிச்சானா ஒங்கப்பன்? சிரிக்கட்டும்.

எம்புருசன் சாராயம் தொட்டதில்ல. எளவட்டமா இருந்தப்ப ஒரு தரம் குடிச்சு, மூணு நாள் வாந்தி எடுத்த ஆளு. அவரு வேலை பார்த்த விதத்தச் சொல்றேன், எழுதிக்க. மேல வேல் இருக்கிறதால யாரும் செருப்போட ஏறமாட்டாங்க. புளியமரத்தடியில கழட்டிப் போட்டுட்டுத்தான் போவாங்க. இவருக்கு நோட்டும் கெடையாது, டிக்கெட்டும் கெடையாது. ‘செருப்புதான்டி எனக்கு ரிஜிஸ்தர்’ம்பாரு. சாயங்காலம் மரத்தடியில செருப்பு இல்லேன்னா கேட்டு பூட்டுவாரு. ஒரு சோடி கெடந்தாலும் மேல ஒரு உசிரு இருக்குன்னு அர்த்தம். விசில் ஊதுவாரு, எறங்கலேன்னா தேடி ஏறுவாரு.

அன்னைக்கும் ஒரு சோடி கெடந்திருக்கு. சின்னப் புள்ள செருப்பு. அந்தப் புள்ளைக்கு முள்ளுக் குத்துமேன்னு அதையும் கையில எடுத்துக்கிட்டுத்தான் ஏறியிருக்காரு. கம்பியப் புடிச்சிருக்காரு. கரண்டு தூக்கிக் குழியில எறிஞ்சிருச்சு. செருப்பு ரெண்டும் படியிலேயே கெடந்துச்சு. விசில், சாவிக்கொத்தோட போலீஸ்காரரு அதையும் எங்கிட்டக் குடுத்தாரு.

இன்னும் வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துல எலவசமாக் குடுத்த செருப்பு. அப்ப ஊருல எல்லாப் புள்ளைகளும் அதத்தான் போட்டுச்சுக. இடது கால் அடியில ஊசியால என்னமோ கீறியிருக்கு, கோழி மாதிரி. அத வச்சுக்கிட்டு வீடு வீடா எங்க போய்க் கேக்க?

மேல ஏறின புள்ள எந்த வழியா எறங்குச்சு, என்ன பார்த்துச்சு, ஒண்ணும் தெரியல. அது வாயத் தொறந்திருந்தா எம்புருசன் குடிகாரனா ஆயிருக்கமாட்டாரு. தெனம் அடுப்புப் பத்தவைக்கும்போது அந்தப் புள்ளையையும் சேத்துத்தான் வைவேன். கோபிநாத்த ஒரு தரம்னா அதை ரெண்டு தரம். எங்க இருந்தாலும் அது வெளங்காது.

நீ படிச்சவ. அந்தப் புள்ள யாருன்னு விசாரிச்சுச் சொல்லு. மறக்காம எழுது.

அத்தை ராசாத்தி


பாறைக்குளம்,
6.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

ஒன்றரை மாதம் தாமதமாகிவிட்டது. காய்ச்சல். பிறகு மழை. தபால் பெட்டி தூரம். எப்படி இருக்கிறீர்கள்? விடுதியில் தீபாவளிக்கு லீவு விட்டார்களா?

குழி நிறைந்துவிட்டது. பாறைத் துளைகளில் எல்லாம் தண்ணீர். மேலிருந்து பார்த்தால் மலைக்கு நூறு கண் முளைத்த மாதிரி இருக்கிறது.

பூங்காவின் பழைய காகிதக் கட்டை வரலாறு எழுதுவதற்காக என்னிடம் கொடுத்தார்கள். நடுவில் மாமா இறந்ததைப் பற்றி 2014 வரை நடந்த விசாரணைத் தாள்கள் இருந்தன. யாரும் பிரித்துப் பார்க்காமலே கொடுத்திருக்கிறார்கள். கோபிநாத்தின் வாக்குமூலம் இருக்கிறது. ‘கைப்பிடிக் கம்பியில் விளக்கோ மின்சார ஒயரோ அன்று இல்லை. விளக்குகள் 2014 பொங்கலுக்குப் பிறகே போடப்பட்டன’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கு அடுத்த தாளில் அப்பாவின் பெருவிரல். மை மங்கவில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கோபிநாத்தை நான் விடப்போவதில்லை. எதிர்த்துப் பேச எனக்கு வராது என்று அவருக்குத் தெரியும். அதனால் என் முன்னால் எதையும் மறைக்காமல் பேசுகிறார். அவரே பேசி அவரே மாட்டட்டும்.

ஷர்லி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

செல்வராணி


ஒட்டன்சத்திரம்,
18.11.2024

ராணி தாயிக்கு,

காச்சலா? பப்பாளி எலைச் சாறு குடிச்சியா? ஒடம்பப் பாத்துக்க. தீவாளிக்குப் புள்ளைக எல்லாம் ஊருக்குப் போயிருச்சுக. நானும் ஷர்லியும் நாலு முறுக்கு சுட்டு நாங்களே தின்னோம்.

செருப்புப் பத்திக் கேட்டேன், நீ ஒண்ணும் சொல்லல. மறந்துட்டியா? ஆறாவது ஏழாவது படிச்ச புள்ளையாத்தான் இருக்கும். ஒன் வயசுப் புள்ள. ஒங்கூடப் படிச்சதாக்கூட இருக்கலாம். ஞாபகப்படுத்திப் பாரு.

நீ நெனைக்கிறது நடந்தா ஒங்கப்பனும் சேந்து மாட்டுவானே, அது தெரியுதா ஒனக்கு? அவன் சாகணும்னு நான் நெனைக்கல. ஆனா தலை குனியணும். ஊரு பாக்கக் குனியணும். நீ மக. ஒன்னால முடியுமா?

அத்தை ராசாத்தி

(அக்கா, ‘முடியுமா’ன்னு ரெண்டு தரம் சொன்னாங்க. நான் ஒரு தரம்தான் எழுதினேன். – ஷர்லி)


பாறைக்குளம்,
15.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். இவ்வளவு நலமாக இருந்து நாளாயிற்று. நீங்களும் நலம்தானே? சொல்லப்போவதைக் கேட்டால் தோள் வலி கொஞ்சம் மறந்துபோகும்.

தகவல் சொன்னவர் பெயர், சொன்ன செய்தி, தேதி, கையெழுத்து என்று கட்டம் போட்டு ஒரு படிவம் தயார் செய்தேன். வயதானவர்களிடம் வாய்மொழி வரலாறு கேட்கும்போது அப்படி ஒன்று எழுதி வாங்க வேண்டும் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் ஏழு பேரிடம் அப்படி வாங்கினேன். எட்டாவதாகக் கோபிநாத். இரும்புக் கோபுரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன வரலாறு, வாயில பூட்டா? நின்னுக்கிட்டே இருக்க?”

“இல்லைங்க சார். மலைமேல லைட்டு வந்தது எப்படின்னு தெரியணுங்க.”

“அப்படிக் கேளு! எழுதிக்க. மலைக்கு லைட்டு போடணுங்கிற நெனப்பு இந்த ஊருல எவனுக்கும் வரல. நான்தான் கைப்பிடிக் கம்பியோடயே ஒயர இழுத்து இருவது லைட்டு மாட்டினேன். கீழ ரோட்டுல இருந்து பாத்தா மலைக்கு மாலை போட்ட மாதிரி மின்னும்.”

“எந்த வருசங்க சார்?”

“ரெண்டாயிரத்துப் பதிமூணு. ஆயுத பூசை அன்னைக்கு என் கையால ஸ்விட்சு போட்டேன்.”

“ஒயரிங் வேலை பாத்தது யாருங்க?”

“வேற எவன்? நானே முன்னால நின்னு, எங்க ஆள வச்சு, ஒரு ஒயர் விடாமப் பாத்தது. இதெல்லாம் கல்லுல வரணும், ஆமா.”

எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்து, ‘என் கையால்’ என்று இரண்டு சொல்லை அவரே சேர்த்து, தேதியோடு கையெழுத்துப் போட்டார். “என்னம்மா தேதியெல்லாம் கேக்குற, பரீட்சையா?” என்றார். “ஆமாங்க சார்” என்றேன்.

2013 ஆயுத பூசைக்குப் பதினோராம் நாள் மாமா இறந்தார். அன்று கம்பியில் ஒயரே இல்லை என்று எழுதிக் கொடுத்தவர், இன்று இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு இரண்டு தட்டு சோறு அதிகம் சாப்பிட்டேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திறப்பு விழா மேடையில் அப்பாவுக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு கொடுப்பதாகக் கோபிநாத் சொல்லியிருக்கிறார். அப்பா அதற்காகப் புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறார். முடியும், அத்தை.

செல்வராணி


ஒட்டன்சத்திரம்,
27.12.2024

ராணி தாயிக்கு,

நீ நல்லா இருக்கணும். ஷர்லி படிக்கப் படிக்க நான் சிரிச்ச சிரிப்புல சாம்பார் அடிப்பிடிச்சிருச்சு. வார்டன் திட்டுச்சு. திட்டட்டும். ‘என் கையால்’னு அவனே எழுதினானா! எம்புருசன் இருந்தா ஒன்னத் தோள்ல தூக்கிக்கிட்டு மலை ஏறியிருப்பாரு.

ஆனா ஷர்லி ஒண்ணு கேக்குறா. அவ மாமா ஒருத்தரு கோர்ட்டுல வேலை பாக்குறாராம். லைட்டு இருந்துச்சுன்னு நிரூபிச்சாலும், கம்பியில கரண்டு வந்துச்சுன்னு யாரு சொல்றது? ‘லைட்டு இருந்துச்சு சார், வருசத்த மறந்துட்டேன். கரண்டு கசியல. குடிச்சுட்டு விழுந்தான்’னு சொல்லிட்டுப் போயிருவானேங்கிறா. சரிதான? குடிக்கலேன்னு சொல்றதுக்கும் நான் ஒருத்திதான் இருக்கேன். பொண்டாட்டி சொல்ல எவன் கேப்பான்?

அன்னைக்கு மலைமேல இருந்தது அந்தப் புள்ள ஒண்ணுதான். அது வேணும் தாயி. எப்படியாச்சும் தேடு. இப்பக் கல்யாண வயசு இருக்கும். கெடச்சா என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. மொதல்ல கன்னத்துல பளார்னு ஒண்ணு. அப்புறம் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வாரேன், எங்கிட்டு வரச் சொன்னாலும் வாரேன்.

பனி கொட்டுது. காதுக்குத் துணி கட்டிக்கிட்டு மலை ஏறு.

அத்தை ராசாத்தி


பாறைக்குளம்,
20.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை ஷர்லி அக்கா வாசிக்க வேண்டாம். நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக எழுதியிருக்கிறேன். அவசரமில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் படியுங்கள்.

பொங்கல் முடிந்தது. கல்வெட்டு வந்துவிட்டது, சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி 9 ஞாயிறு திறப்பு. அதற்கு முன்னால், 3ஆம் தேதி திங்கட்கிழமை, புதுக்கோட்டையில் கலெக்டர் மனு வாங்கும் நாள். மனுவை எழுதிவிட்டேன். கோபிநாத்தின் இரண்டு தாள்களும் இருக்கின்றன. பார்த்த சாட்சியின் வாக்குமூலமும் இருக்கிறது. அந்தப் பிள்ளை கிடைத்துவிட்டது.

அதற்கு அன்று பதினொரு வயது. ஐந்தரை மணிக்குப் புளியமரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டது. கேட்டில் மாமா கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தார். அதில் பாதியை ஒடித்துக் கொடுத்தார். வாயில் வெல்ல வாசனைதான் இருந்தது. “ஏய் குருவி, லைட்டுப் போடுறதுக்குள்ள எறங்கிரு” என்றார். அது இறங்கவில்லை. கோபுரத்தில் நின்று லைட்டு எரிவதைப் பார்க்க ஆசைப்பட்டது. லைட்டு எரிந்தது. குழியோரப் படிக்கு வந்து கம்பியைப் பிடித்தது. கை தோள்வரை சுளீரென்று இழுத்து உதறியது. ஈரமில்லாத கால், அதனால்தான் பிழைத்தது. அந்தப் படிக்குத் திரும்பப் பயந்து, பின்பக்கப் பாறை வழியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி வீட்டுக்கு ஓடியது. செருப்பு மரத்தடியிலேயே கிடந்தது. செருப்பு கிடந்தால் மாமா தேடி ஏறுவார் என்று அதற்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். பயத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் அப்பாவிடம் கம்பியைப் பற்றிச் சொன்னது. அப்பா எழுந்து சட்டை போடுவதற்குள், குழியில் ஆள் விழுந்துவிட்டது என்று தெருவில் சத்தம். அப்பா அதன் வாயைப் பொத்தினார். “நீ அங்கிட்டுப் போகவே இல்ல. செருப்புத் தொலஞ்சுபோச்சு. அவ்வளவுதான்” என்றார். மறுநாளே புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். பதினைந்தாம் நாள் கோபிநாத் வீட்டுக்கு வந்து, வேலை தருவதாகச் சொன்னார். பதினாறாம் நாள் காலையில் அப்பா கைநாட்டு வைத்தார். கேட்டால் பிள்ளைக்காக வைத்தேன் என்பார். அந்தச் சம்பளத்தில்தான் அது படித்தது. படித்ததை வைத்துத்தான் இப்போது இந்த மனுவை எழுதியிருக்கிறது.

நேற்று அப்பாவிடம் மனுவை வாசித்துக் காட்டினேன். கடைசி வரிவரை கேட்டார். பிறகு, “என் பேரும் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். புது வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை, அத்தை. வரும் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

தினமும் அடுப்புப் பற்றவைக்கும்போது அந்தப் பிள்ளையை இரண்டு தரம் வைவதாகச் சொன்னீர்கள். இனிமேல் பெயர் சொல்லியே வையுங்கள். கோபிநாத் தண்டனை அனுபவிப்பதைப் பார்க்கும்வரை அது வாங்கிக்கொள்ளும்.

ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே செருப்பு. மாறிவிடக் கூடாது என்று இடது கால் அடியில் ஊசியால் ஓர் அடையாளம் கீறி வைத்தேன். மாமா என்னை அப்படித்தான் கூப்பிடுவார் என்பதால் அதைக் கீறினேன். திருப்பிப் பாருங்கள். அது கோழி இல்லை, அத்தை. குருவி.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், இலுப்பூர் பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். கன்னத்தில் தர வேண்டியதை அங்கேயே தந்துவிடுங்கள். மனுவோடு வைக்க அந்தச் செருப்பு வேண்டும். தபாலில் அனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுவாருங்கள்.

செல்வராணி